அந்த ரோப் எங்கே முடிகிறது?

காசிமேட்டில் லாஞ்சுகளுக்கு ஐஸ் ஏற்றும் நேரத்தில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. ஐஸ் பார்களை கிரஷர் மென்று துப்பும் சத்தம் அப்படி. அந்தச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், ஒரு பையனின் போனில் ஓடிய பனிமலை வீடியோவை, ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஓட்டும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நாற்காலிகள் வரிசையாக மேலே போகின்றன. ஒவ்வொன்றிலும் காலில் பலகை மாட்டிய ஆட்கள். பக்கத்திலேயே காலி நாற்காலிகள் கீழே இறங்குகின்றன. பையன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் பார்த்தது தலைக்கு மேலே ஓடிய ரோப்பை. "இன்னாடா இது, ரோப்பு சுத்திக்கினே கீது. ஜாயின்ட்டு எங்க கீது?" என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. கிரஷர் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பேச்சு அதோடு நின்றது.

கேள்வி மட்டும் நிற்கவில்லை. வின்ச் ஓட்டுகிறவருக்கு ரோப் என்றால் இரண்டு முனை. ஒன்று டிரம்மில் மாட்டியிருக்கும். இன்னொன்றைக் கண்ணியாக மடக்கி, உள்ளே திம்பிள் என்னும் இரும்பு வளையம் வைத்து, கிளிப் போட்டு முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் கையாலேயே பின்னியிருப்பார்கள். கிளிப் போட்ட இடம் கப்பிக்குள் நுழையாது. இழுத்தால் முட்டிக்கொண்டு நிற்கும். பின்னிய இடமும் தடிமனாக இருப்பதால் கப்பிக் குழியில் சரியாக உட்காராது. அப்படியிருக்க, இரண்டு பக்கமும் பெரிய சக்கரத்தைச் சுற்றி, நடுவில் நூற்றுக்கணக்கான கப்பிகளின் மேல் நாள் முழுக்க ஓடுகிற ரோப்பில் முனை எங்கே போனது? பனிமலை ரிசார்ட்டைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேட்பார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஏனென்றால் பனிச்சறுக்கு ரிசார்ட்டின் கதையை எல்லோரும் பனியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நல்ல பனி, அழகான மலை, பணக்காரர்கள் வந்தார்கள், ஓட்டல் கட்டினார்கள் என்று போகும் அந்தக் கதை. பனி அந்த மலைகளில் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கிடக்கிறது. அதில் சறுக்கி இறங்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. மறுபடி மேலே ஏறுவதுதான் பாடு. பலகையின் அடியில் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஏறி, சில நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். ஒரு நாளில் இரண்டு தடவை இறங்கினாலே பெரிய விஷயம். அந்த நிலையை மாற்றியது ரோப். அந்த ரோப் போன வழியைப் பின்தொடர்ந்தால் துறைமுகமும் ரயில்வே யார்டும் வருகின்றன. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டும் அந்நியமில்லை.

ரயிலுக்கு ஆள் பிடிக்க ஒரு மலை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கெட்சம் என்று ஒரு சின்ன ஊர். 1880களில் வெள்ளிச் சுரங்கத்துக்காக அங்கே ரயில் பாதை போனது. வெள்ளி விலை விழுந்ததும் ஊரும் விழுந்தது. பிறகு ஆட்டு மந்தைகளை ரயிலில் ஏற்றுகிற இடமாக மிஞ்சியது. 1930களில் யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் தலைவராக இருந்தவர் ஏவரெல் ஹாரிமன். பொருளாதார மந்தத்தில் பயணிகள் குறைந்துபோன காலம் அது. 1932இல் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்து அமெரிக்காவில் பனிச்சறுக்கு ஆசை பரவியிருந்தது. ரயில் ஏறி வர மக்களுக்கு ஒரு காரணம் கொடுத்தால் ரயில் ஓடும் என்று கணக்குப் போட்ட ஹாரிமன், ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ச் என்ற ஆஸ்திரியப் பிரபுவை இடம் தேட அனுப்பினார். 1935-36 குளிர்காலத்தில் அவர் மேற்கு மாநிலங்களைச் சுற்றி, பெயர் பெற்ற மலைகளையெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டுக் கடைசியில் கெட்சம் வந்தார். மலைகள் காற்றைத் தடுத்தன, வெயில் நன்றாக விழுந்தது, கீழ்ச்சரிவுகளில் மரம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுரங்கக் காலத்துத் தண்டவாளம் அங்கேயே கிடந்தது.

ரயில்வே அங்கே 3,888 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கி, 1936 டிசம்பரில் ஓட்டலைத் திறந்துவிட்டது. பெயர் சன் வேலி. அந்த ஓட்டலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிச்சுவர் மரப்பலகை போலத் தெரியும், ஆனால் அது கான்கிரீட். இழைக்காத சொரசொரப்பான பலகைகளை சென்ட்ரிங் அடித்து, அதில் கான்கிரீட் ஊற்றி, பலகையின் ரேகை சுவரில் பதிந்த பிறகு மர நிறத்தில் சாயம் ஏற்றினார்கள். நம் ஊர் சென்ட்ரிங் ஆட்கள் பார்த்தால் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாழைத்தார் தொங்கிய கொக்கி

ஓட்டல் தயாராகிவிடும். ஆட்களை மேலே ஏற்றுவது எப்படி? அன்றைக்கு இருந்த வழிகளில் பெரும்பாலானவை தரையோடு இழுப்பவை. வெர்மான்டின் வுட்ஸ்டாக்கில் 1934இல் ஒரு பழைய ஃபோர்டு கார் எஞ்சினை வைத்துக் கயிற்றை ஓட்டினார்கள். கயிற்றைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், கையுறை தேய்ந்துபோகும், கை ஓய்ந்துவிடும். அதே 1934இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்பவர் அமைத்தது கொஞ்சம் மேல்: ரோப்பிலிருந்து ஒரு தண்டு தொங்கும், அதன் முனை இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தள்ளும். ஆனால் அதிலும் ஆள் தன் காலில் நின்றபடிதான் போக வேண்டும். பாதையில் பனி சீராக இருக்க வேண்டும், பள்ளம் கூடாது, சரிவு ரொம்பச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். பெட்டி கட்டிய கேபிள் காரும் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஒரு பெட்டி மேலே போக இன்னொன்று கீழே வரும். நிறுத்தி ஏற்றி, நிறுத்தி இறக்க வேண்டும். மலை உயர உயர ஒரு நடைக்கு ஆகும் நேரமும் கூடும், கீழே வரிசையும் நீளும்.

ரயில்வேயின் தலைமையிடம் நெப்ராஸ்காவின் ஒமாஹா. மலை என்ற பேச்சே இல்லாத சமவெளி. அங்கே எஞ்சினியரிங் பிரிவில் இருந்த ஜிம் கரன், ரயில்வேக்கு வருமுன் ஹோண்டுராஸ் பக்கம் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கன்வேயர் வேலையோடு தொடர்புடையவர். வாழைத்தாரைத் தரையில் இழுக்க முடியாது, தூக்கிப் போட முடியாது. அடிபட்ட இடம் கறுத்துவிடும். அதனால் நிற்காமல் சுற்றும் ரோப்பில் கொக்கி கொக்கியாகத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். ரோப் நிற்பதில்லை. வருகிற கொக்கியில் தாரை மாட்டுவதும் போய்ச் சேர்ந்ததும் கழற்றுவதும் மட்டுமே ஆள் வேலை. ஒரு கொக்கி போனால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். கரன் செய்தது, கொக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாற்காலியை வைத்தது. ஆள் தரையைத் தொட வேண்டியதில்லை என்றானதும், கீழே பள்ளமா பாறையா பனியா என்ற கவலை போய்விட்டது.

ஆபத்து என்று மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். ஆலோசனைக்கு வந்திருந்த சார்லி ப்ராக்டர் என்ற பனிச்சறுக்கு வீரர் கரனின் வரைபடத்தைப் பார்த்ததும் இதுதான் வேண்டும் என்றார். ஹாரிமனும் தலையசைத்தார். ஆனால் ஒரு கேள்விக்கு வரைபடத்தில் பதில் கிடையாது. காலில் நீளமான பலகை மாட்டி அசையாமல் நிற்கும் மனிதனைப் பின்னாலிருந்து வரும் நாற்காலி எந்த வேகத்தில் தொட்டால் அவன் உட்காருவான், எந்த வேகத்தில் தொட்டால் கீழே விழுவான்?

அதைக் கண்டுபிடித்த இடம் ஒமாஹாவின் ரயில்வே யார்டு. காலம் 1936 கோடை, அமெரிக்காவின் நடுப்பகுதியே வெயிலில் காய்ந்துகிடந்த வருஷம். ஒரு லாரியின் பக்கவாட்டில் கட்டை நீட்டி அதில் நாற்காலியைத் தொங்கவிட்டார்கள். பனிக்குப் பதிலாக வைக்கோல் பரப்பி, பலகை வழுக்க எண்ணெயும் ஊற்றிப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. கடைசியில் கான்கிரீட் தரையில், காலில் ரோலர் ஸ்கேட் மாட்டிய ஆளை நிறுத்தினார்கள். லாரி மெதுவாகப் பின்னாலிருந்து வரும், நாற்காலி முழங்காலின் பின்புறத்தில் தட்டும், ஆள் உட்காருவார். ஒவ்வொரு தடவையும் லாரியின் வேகத்தைக் கூட்டினார்கள். மணிக்கு 4 முதல் 5 மைல் வரை சுகமாக உட்கார முடிந்தது. நம் கணக்கில் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். கொஞ்சம் எட்டி நடக்கிற வேகம்.

எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் முக்கியமான இடம் அந்த கான்கிரீட் தரைதான். பனியே இல்லாத வெயிலில், லாரி ஓட்டுகிறவரும் ஸ்கேட் மாட்டிய இன்னொருவரும் சேர்ந்து அளந்த அந்த எண்ணை மலையால் இன்றுவரை மாற்ற முடியவில்லை. ரோப்பிலேயே நிரந்தரமாக இறுக்கிய நாற்காலிகள் உலகம் முழுக்க இன்றும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. காரணம் மனிதனின் முழங்கால். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதும் அதிலிருந்தே வருகிறது. 8 விநாடிக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒருவர் என்றால் மணிக்கு 450 பேர். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நாற்காலிகளுக்கு நடுவே 16 மீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் இறங்கியவர் விலகுவதற்குள் அடுத்தவர் வந்து முட்டுவார். வேகத்தை வெகுவாகக் கூட்ட வழி, ஏறுமிடத்தில் நாற்காலியை ரோப்பிலிருந்து கழற்றி மெதுவாக்கி, ஆள் ஏறியதும் மறுபடி ரோப்பில் மாட்டுவது. ரோப் விநாடிக்கு 5 மீட்டர் ஓடினாலும் நாற்காலி நிலையத்துக்குள் நடை வேகத்தில் நகரும். அந்த முறையில் நான்கு பேர் உட்காரும் அதிவேக லிஃப்ட் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது 1981இல்.

சன் வேலியில் ப்ராக்டர் மலையிலும் டாலர் மலையிலும் 1936 டிசம்பரில் நாற்காலிகள் தயாராக நின்றன. வந்தவர்களுக்குத்தான் பனி இல்லை. பனி விழும்வரை தங்குவதற்குக் காசு வேண்டாம் என்று ரயில்வே அறிவித்தது. அந்த முதல் ஏமாற்றத்தை மறந்துவிடாதீர்கள். கீழே ஐஸ் கட்டி வரும்போது தேவைப்படும்.

முடிச்சு இல்லாத முடிச்சு

பெரியவரின் கேள்விக்கு வருவோம். அந்த ரோப் இரும்புக் கம்பிகளை முறுக்கிய ஆறு பிரி கொண்டது, நடுவில் ஒரு நார். ஜாயின்ட் உண்டு. ஆனால் அது ஓர் இடத்தில் இல்லை, பல மீட்டர் நீளத்துக்குப் பரவிக்கிடக்கிறது. வழக்கமான விதி, ரோப்பின் விட்டத்தைப் போல 1,200 மடங்கு நீளம். 40 மில்லிமீட்டர் ரோப் என்றால் 48 மீட்டர். இரண்டு முனைகளிலும் 24 மீட்டருக்குப் பிரிகளைப் பிரித்து, நடுநாரை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டையும் விரல் கோர்ப்பதுபோலக் கோர்ப்பார்கள். பிறகு இந்தப் பக்கத்துப் பிரி ஒன்றைத் திருகி எடுத்தபடி, அது காலி செய்த பள்ளத்தில் அந்தப் பக்கத்துப் பிரியைத் திருகி உட்காரவைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பிரியை வெகுதூரம் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அடுத்ததைப் பாதித் தூரத்தில், அதற்கடுத்ததை அருகில். இப்படி ஆறு பிரிகளும் ஆறு வெவ்வேறு இடங்களில் சந்திக்கும். எந்த இடத்தை எடுத்தாலும் அங்கே ஒரே ஒரு பிரியில்தான் முனை இருக்கும், மற்ற ஐந்தும் முழுசு. சந்திக்கிற இரண்டு வால்களையும் ரோப்பின் வயிற்றுக்குள், நடுநார் இருந்த இடத்தில் செருகுகிறார்கள்.

கிளிப் இல்லை, பசை இல்லை, வெல்டிங் இல்லை. உள்ளே போன வாலை வெளியிலிருந்து மற்றப் பிரிகள் நெருக்கிப் பிடிக்கின்றன. ரோப்பில் இழுவிசை கூடக் கூட அந்தப் பிடியும் இறுகும். செருகும் வாலுக்கு மேல் டேப் சுற்றி அதன் தடிமனை நடுநாரின் தடிமனுக்குச் சமமாக்குவதில்தான் கைத்திறன். சுற்று குறைந்தால் வெளிப்பிரிகள் உள்ளே அமுங்கும், பிடி தளரும். சுற்று கூடினால் அங்கே ரோப் புடைக்கும், ஒவ்வொரு கப்பியிலும் ஏறும்போது அடிவாங்கும், கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். நன்றாகச் செய்தால் பக்கத்தில் நின்று தேடினாலும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வீடியோவில் பெரியவர் கண்ணுக்கு அது படாததற்குக் காரணம், அந்த வேலையைச் செய்தவர் தொழில் தெரிந்தவர்.

அடுத்தது ரோப்பின் நீளம். இரும்பு குளிரில் சுருங்கும். 2 கிலோமீட்டர் சுற்று உள்ள ரோப், 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 1 மீட்டர் சுருங்கி நீளும். ஆள் ஏறினால் தொய்யும், இறங்கினால் எழும்பும். அதனால் ஒரு பக்கத்துப் பெரிய சக்கரத்தை நகரும் வண்டியில் வைத்து, பின்னாலிருந்து கான்கிரீட் எடையைத் தொங்கவிட்டு இழுத்துப் பிடித்தார்கள். இப்போது பெரும்பாலும் ஹைட்ராலிக் தண்டு அந்த வேலையைச் செய்கிறது. பக்கவாட்டுக் காற்றில் நாற்காலி ஆடி ரோப் கப்பியை விட்டு நழுவினால் அதைத் தாங்க வெளிப்புறத்தில் ஒரு பிடிப்பான் உண்டு. அங்கே இருக்கும் உடைகம்பி ஒடிந்ததும் மின்சுற்று அறுந்து லிஃப்ட் நிற்கும். காற்று பலமானால் பழநி ரோப் காரை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வருகிறதே, பயம் இதைப் பற்றியதுதான்.

இதைவிடப் பெரிய பயம் பின்னோட்டம். ஏறுகிற பக்கம் முழுக்க ஆட்கள், இறங்குகிற பக்கம் காலி. கியர் பெட்டி உடைந்தால் பாரமான பக்கம் பின்னால் இறங்கத் தொடங்கும். நீர் நிறைந்த குடத்தோடு கயிறு கைநழுவினால் கிணற்றுக் கப்பி எப்படிச் சுற்றும் என்று பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் மோட்டார் பக்கத்தில் ஒரு பிரேக், பெரிய சக்கரத்தையே நேராகக் கவ்வும் இன்னொரு பிரேக், பின்னால் சுற்றவிடாத தடுப்பு தனியாக ஒன்று.

கனெக்டிகட்டில் 700 டன் ஐஸ்

ரோப் வந்தபிறகு மலைக்கு இன்னொரு பசி வந்தது. ஆள் ஏறுவது எளிதானதும் சரிவில் கூட்டம் கூடியது, கூட்டம் பனியைத் தேய்த்தது. நாற்காலிக்கும் ஓட்டலுக்கும் போட்ட பணம் பனி விழாத வருஷத்திலும் வட்டி கேட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் மொஹாக் மலையில் ரிசார்ட் நடத்திய வால்ட் ஷோன்நெக்ட், பனி பொய்த்த 1949-50 குளிர்காலத்தில் 700 டன் ஐஸ் கட்டியை லாரியில் வரவழைத்து, அரைத்துச் சரிவில் பரப்பினார். காசிமேட்டு கிரஷர் செய்கிற அதே வேலை. 50 கிலோ பாராகக் கணக்குப் போட்டால் 14,000 பார். நூறு வருஷத்துக்கு முன்னால் கனெக்டிகட் அடங்கிய அதே நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஏரிகளில் அறுத்த ஐஸ்தான் கப்பலில் மதராஸுக்கு வந்து 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது. அந்தப் பக்கத்து ஆளே கடைசியில் ஐஸ் பார் வாங்கி மலையில் கொட்ட வேண்டியதாயிற்று.

அரைத்த ஐஸ் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகும். மீன் பெட்டியில் அது எப்படி இறுகும் என்று நமக்குத் தெரியும். அதே மாநிலத்தில் ஸ்கீ பலகை செய்துகொண்டிருந்த வேய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி மூவரும் 1950 மார்ச்சில் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர், ஒரு நாசில், தோட்டத்துக் குழாய் இவற்றை வைத்துத் தண்ணீரைத் துளித்துளியாகச் சிதறடித்துப் பனி செய்தார்கள். அழுத்தம் விடுபடும் காற்று விரிந்து குளிரும். அதில் மிகச்சிறிய துளிகள் முதலில் உறையும், மற்றத் துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு கீழே விழுவதற்குள் உறையும்.

இதில் தெர்மாமீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது. மண்பானைத் தண்ணீர் மதுரையில் ஜில்லென்று இருக்கும், தண்டையார்பேட்டையில் அவ்வளவு இருக்காது. கடற்காற்றின் ஈரம் பானை கசிந்து ஆவியாவதைத் தடுக்கிறது. பனித் துளிக்கும் அதே விதி. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால்தான் பனி தேறும். காற்று 0 டிகிரியில், ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் ஈரத்துணி மைனஸ் 3க்கும் கீழே காட்டும், பனி செய்யலாம். அதே 0 டிகிரியில் காற்று ஈரம் நிறைந்து நின்றால் நாசிலிலிருந்து மழைதான் வரும். உள்நாட்டு வறண்ட பள்ளத்தாக்கான சன் வேலிக்கு இது சாதகம். தண்ணீர்ச் செலவையும் சொல்ல வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குச் செய்பனி போட ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 65 நடைக்கு மேல். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருக்கள் நம்முடையவை. இந்த எண்ணைச் சாதாரணமாகத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ரோப்பைத் தடவிப் பார்ப்பது

சன் வேலியின் மீதிக் கதை வேகமாகச் சொல்லக் கூடியது. 1939-40இல் 9,150 அடி உயரமுள்ள பால்டு மலைக்கு நாற்காலி போனது. போரின்போது, 1943இலிருந்து 1945 வரை, ஓட்டல் கடற்படை மருத்துவமனையாக இருந்தது. ரயிலில் ஆள் குறைந்து, ரயிலுக்கு ஆள் பிடிக்கக் கட்டிய ரிசார்ட்டுக்கு ரயில் தேவைப்படாமல் போய், 1964இல் ரயில்வே அதை விற்றுவிட்டது. அதற்குப் பிறகு பனி செய்யும் குழாய்கள், கழன்று மாட்டும் நாற்காலிகள். இந்தியாவில் காஷ்மீரின் குல்மார்க்கில் 1998இல் கோண்டோலா என்னும் பெட்டி லிஃப்ட் ஓடத் தொடங்கியதும், 2005இல் அது அபர்வத் மலை வரை நீண்டதும் இதே சுற்றும் ரோப்பின் வழிவந்தவை.

காசிமேட்டில் கடலிலிருந்து வந்ததும் ரோப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கழிவுப் பஞ்சை ரோப்பில் சுற்றிப் பிடித்து, வின்ச்சை மெதுவாக ஓடவிடுவார்கள். அறுந்த கம்பி இருந்தால் பஞ்சை இழுக்கும். மலையில் காந்தக் கருவியை ரோப்பைச் சுற்றி மாட்டி ஓடவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உள்கம்பி அறுந்திருந்தாலும் காகிதத்தில் கோடு துள்ளும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. நிரந்தரமாக இறுக்கிய நாற்காலி ரோப்பை எப்போதும் ஒரே இடத்தில் கடித்தால் அந்த இடம் களைத்துவிடும். ஆகவே குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு நாற்காலியின் பிடியையும் தளர்த்திச் சிறிது தள்ளி மறுபடி இறுக்குவார்கள். நூறு நாற்காலி இருந்தால் நூறு தடவை. தள்ளும்போது ஜாயின்ட்டில் வால்கள் சந்திக்கும் அந்த ஆறு இடங்களின் மேல் எந்தப் பிடியும் உட்கார்ந்துவிடாதபடி அளந்து வைக்க வேண்டும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்பது எந்த நேரமும் தெரியும். பெரியவர் அவர்களிடம் கேட்டிருந்தால், லிஃப்டை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, இதோ இந்த இடம் என்று தொட்டுக் காட்டியிருப்பார்கள்.